பழைய ஹை-ஃபை ஆம்ப்: வால்வா, டிரான்சிஸ்டரா? கைபடாததா, பழுது பார்த்ததா?

பழைய ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து நாள்தோறும் பாட்டுக் கேட்க விரும்புகிறவர் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தலைமுறை ஆம்ப் என்பது முதலாவது: கண்ணாடிக் குழாய்களால் இயங்கி 1950களிலும் 60களிலும் வந்த வால்வு ஆம்பா, அதையடுத்து வந்த முதல் டிரான்சிஸ்டர் ஆம்பா, 1970களின் வெள்ளி முகப்பு ஆம்பா? அது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது: பல ஆண்டுகளாக யாரும் திறக்காததா, தேவையான இடத்தில் மட்டும் பழுது பார்த்ததா, மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்களான கெப்பாசிட்டர் அத்தனையும் புதிதாக மாற்றியதா? ஆர்வலர்கள் கூடிப் பேசினால் நேரமெல்லாம் முதல் கேள்விக்கே போய்விடும். ஆனால் ஆம்ப் வந்து ஆறு மாதம் கழித்து அது பாடிக்கொண்டிருக்கிறதா, துணி போர்த்தி மூலையில் கிடக்கிறதா என்பதைப் பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கிறது என்பது நான் கண்டது. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர்.

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்கும். மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் தரும் தடை எத்தனை ஓம் என்பது ஒன்று. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்ற உணர்திறன் மற்றொன்று. 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 92 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் இடையில் ஆறுதானே வித்தியாசம் என்று தோன்றும். மூன்று டெசிபெல் கூடுவதற்கே வாட் இரட்டிப்பாக வேண்டும் என்பதால், 92 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 86 டெசிபெல் ஸ்பீக்கரில் எழுப்ப 40 வாட் வேண்டியிருக்கிறது. 1958இல் வந்த லீக் ஸ்டீரியோ 20 என்ற வால்வு ஆம்ப் ஒரு சேனலுக்குப் பத்து வாட்டை ஒட்டித்தான் கொடுக்கும். 1976இன் பயனியர் எஸ்எக்ஸ்-1250 என்ற ரிசீவர், அதாவது ரேடியோவும் சேர்ந்த ஆம்ப், ஒரு சேனலுக்கு 160 வாட் கொடுக்கும். உணர்திறன் மிகுந்த பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு முதலாவது தாராளமாகப் போதும். இக்காலத்துச் சிறிய அலமாரி ஸ்பீக்கரை அதோடு இணைத்தால், மெல்லிய பாட்டுகளுக்கு இனிமையாகவும் தவில் தொடங்கிய கணத்தில் திணறலாகவும் இருக்கும்.

அச்சிட்ட வாட் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கண நேர உச்சத்தை அளந்து சொன்னவர்களும், இரண்டு சேனல்களையும் கூட்டிச் சொன்னவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974இல் கொண்டுவந்த விதிக்குப் பிறகுதான், இரு சேனல்களும் ஒருசேர இயங்கும்போது தொடர்ச்சியாக எத்தனை வாட், எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்று சேர்த்துச் சொல்வது அந்நாட்டு விளம்பரங்களில் கட்டாயமானது. ஆகவே 1976இல் வந்த ஒன்றின் 40 வாட், 1968இல் வந்த ஒன்றின் 80 வாட்டுக்குக் குறையாததாக இருக்கக்கூடும்.

வால்வு ஆம்ப்

வால்வு ஆம்பின் பெரிய பலம் அதன் எளிமை. 1959இல் வந்த டைனகோ எஸ்டி-70ஐத் திறந்து பார்த்தால், ஒரு சேனலுக்கு 35 வாட் கொடுக்கும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களை ஒரே மாலைக்குள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுவிடலாம். அதில் இருக்கும் இஎல்34 வால்வு இன்றும் புதிதாகத் தயாராகிறது. இஎல்84, இசிசி83 போன்றவையும் அப்படியே. ஆறு, ஏழு தசாப்தங்களுக்கு முந்தைய மின்னணுப் பொருள் ஒன்றின் முக்கியமான பாகம் இன்றும் புதிதாகக் கிடைப்பது அபூர்வம். இழந்தால் மீட்கக் கடினமானது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். அதைச் சுற்றித் தரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுவதற்காகத்தான், ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது என்ற விதி பிறந்தது. சுமை இல்லாத நிலையில் சிக்னல் வந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, காப்பு உறை துளைபட்டுப் போகலாம். டிரான்சிஸ்டர் ஆம்பின் விதி இதற்கு நேர் எதிர்: அங்கே ஸ்பீக்கர் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, ஸ்பீக்கர் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டால் ஆபத்து. ஒன்றில் பழகிய கை மற்றொன்றுக்குப் போகும்போது தவறு செய்வது இந்த இடத்தில்தான். வால்வு ஆம்பின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் எதுவோ அந்த முனையில் இணைத்தால் போதும்.

வால்வு ஆம்புகளுக்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது. 1953இல் வந்த குவாட் II போன்றவை தம் பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் அமைப்பை, தாமே சரிசெய்துகொள்ளும். வால்வு தேயத் தேய ஓரளவு அதுவே ஈடுகட்டும். எஸ்டி-70 போன்றவற்றில் பயாஸை மனிதர்தான் வைக்க வேண்டும்: முன்பக்கச் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து 1.56 வோல்ட் வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பார்க்கவும் வேண்டும். மீட்டர் பிடிக்கத் தயங்குகிறவருக்கு முதல் வகையே பொருந்தும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து, ஒலியைப் பெருக்கும் நிலைகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்புக் கெப்பாசிட்டர் கசிவது. கசிந்தால் அடுத்த வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிடுக்கு வரக் கூடாத நேர் மின்னழுத்தம் வந்துவிடும், வால்வு அளவுக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு முதல் பத்து நிமிடம் ஆம்பின் எதிரில் உட்கார வேண்டும். நடுவில் தெரியும் ஆரஞ்சு நிற ஹீட்டர் ஒளி இயல்பானது. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகட்டின் ஓரத்தில், அடுப்பில் வைத்த இரும்பைப் போல மங்கலான செந்நிறத் திட்டு ஒன்று தோன்றினால், ஏன் என்று யோசிக்கும் முன்பே ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும்.

உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம், இருக்கிறது என்பதையும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கக்கூடும் என்பதையும் இந்த வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். மின்னணுவியலில் கைப்பழக்கம் இல்லாதவர் கற்றுக்கொள்ளத் தொடங்க ஏற்ற இடம் இது ஆகாது. சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில், மூடி இல்லாத வால்வு ஆம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொட்டால் கை வெந்துபோகும்.

நடுவில் வந்த தலைமுறை

முதல் டிரான்சிஸ்டர் ஆம்புகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1963இல் வந்த லீக் ஸ்டீரியோ 30 போன்றவை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்தவை. வெப்பத்தைத் தாங்காத அந்த டிரான்சிஸ்டருக்கு இன்று நம்பகமான மாற்று கிடைப்பது கடினம். சேகரிப்பவருக்குச் சரி, நாள்தோறும் கேட்பவருக்குத் தேவையில்லாத தலைவலி. விதிவிலக்காக 1967இன் குவாட் 303ஐச் சொல்லலாம். 45 வாட் கொடுக்கும் அதில், டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் நிற்கிறது. டிரான்சிஸ்டர் பழுதாகி முழு டிசியும் வெளியே பாய முயன்றாலும் அதைக் கெப்பாசிட்டர் மறித்துவிடும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஸ்விட்ச் போடுகிறவருக்கு இந்த அமைப்பு தரும் நிம்மதி பெரிது. அதோடு இணைத்துப் பயன்படுத்தும் 33 என்ற ப்ரீஆம்பில் (பாட்டுக் கருவிகளை இணைத்து ஒலியைக் கட்டுப்படுத்தும் முன்பெட்டி) இருப்பவை பல முனைகள் கொண்ட வட்டமான டின் (DIN) சாக்கெட்டுகள் என்பதால், சாதாரண ஆர்சிஏ கம்பிகளுக்கு மாற்று இணைப்பு தேட வேண்டியிருக்கும்.

வெள்ளி முகப்பு ஆம்ப்

மராண்ட்ஸ், சான்சுயி, பயனியர், யமஹா, கென்வுட் ஆகிய பெயர்கள் நினைவுக்கு வரும் 1970கள்தான், என் கணக்கில், பெரும்பாலானவர்கள் தேட வேண்டிய இடம். கனமான டிரான்ஸ்ஃபார்மர், தனித்தனி டிரான்சிஸ்டர்கள், இசைத்தட்டுச் சிக்னலைப் பெருக்கும் நல்ல ஃபோனோ நிலை, தெளிவான சர்வீஸ் கையேடு ஆகிய நான்கும் ஒரே பெட்டியில் சேர்ந்து கிடைத்த காலம் அது. 47 கிலோஓம் சுமையும், சில மில்லிவோல்ட் சிக்னலைத் தூக்கிவிடும் திறனும், இசைத்தட்டுப் பதிவில் குறைத்த ஆழ்ந்த ஒலியை மீட்டுத் தரும், 1954இல் பொதுவான ஆர்ஐஏஏ வளைவும் கொண்ட அந்த ஃபோனோ நிலைகள், இன்று தனியாக விற்கும் சிறு ஃபோனோ பெட்டிகள் பலவற்றுக்குச் சளைத்தவை அல்ல. இசைத்தட்டுக் கேட்பதற்காகவே பழைய ஆம்பைத் தேடுகிறவருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் இந்தத் தலைமுறையில் அந்தக் காவல் கெப்பாசிட்டர் பெரும்பாலும் இல்லை. டிரான்சிஸ்டர் நேராக ஸ்பீக்கரோடு பேசுகிறது. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, 40 வோல்ட் அப்படியே ஸ்பீக்கருக்குப் போனால் என்ன ஆகும்? 8 ஓம் என்று கணக்கு வைத்தாலும் 5 ஆம்பியர், அதாவது 200 வாட் முழுவதும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பமாக இறங்கும். சில நொடிகளில் கருகிய நாற்றம் வரும். இதைத் தடுக்கத்தான் பல ஆம்புகளில் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்சை வைத்தார்கள். ஸ்விட்ச் போட்டதும் சில நொடிகள் கழித்து உள்ளே கேட்கும் அந்த ‘டிக்’ ஒலி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கும் ஓசை. ரிலே உள்ள ஆம்பையும் இல்லாத ஆம்பையும் ஒப்பிட வேண்டி வந்தால், மற்றவை சமமாக இருக்கும்பட்சத்தில், ரிலே உள்ளதையே எடுக்க வேண்டும்.

எத்தனை வாட் என்பதில் மிதமே நல்லது. எஸ்எக்ஸ்-1250இன் எடை ஏறக்குறைய 29 கிலோ; அதைப் பழுது பார்க்க ஒவ்வொரு முறையும் தூக்கிப் புரட்ட வேண்டும். உள்ளே பாகங்களும் அதிகம், தவறுவதற்கான இடங்களும் அதிகம். 30 முதல் 60 வாட் வரை கொடுக்கும், ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் சேர்ந்த ஒருங்கிணைந்த ஆம்ப், சாதாரண அறைக்கும் சாதாரண ஸ்பீக்கருக்கும் தாராளம். 1978இல் வந்த நாட் 3020, 20 வாட் என்று சொல்லிக்கொண்டே பலருடைய அறையை நிறைத்தது இதற்கு நல்ல சாட்சி. ரேடியோவும் சேர்ந்த ரிசீவரை எடுப்பதென்றால், ரேடியோ கேட்கும் வழக்கம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் எடுக்கலாம். அழகுக்காக எடுப்பவர் அந்த அழகோடு கூடுதல் கயிறு, கப்பி, விளக்கு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டியிருக்கும்.

1970களின் இறுதியிலும் 80களிலும் வந்த பல ஆம்புகளில், தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் ஒரே கட்டியாக எஸ்டிகே மாட்யூல் இருக்கும். அது எரிந்தால் உள்ளே இருப்பதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. அசல் மாட்யூல்கள் தயாரிப்பில் இல்லை, சந்தையில் போலிகள் ஏராளம். 1970களில் விஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டரோடு வந்த ஆம்புகளின் நிலை இன்னும் சிக்கலானது: 1974இன் யமஹா பி-1 கேட்பதற்கு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அதன் அவுட்புட் சாதனம் போனால் இன்னொரு பி-1ஐப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். வாங்கும் முன் மூடியைத் திறந்து பார்க்க அனுமதித்தால், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் வைர வடிவ உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றனவா, நீள்சதுரக் கறுப்புக் கட்டி இருக்கிறதா என்ற ஒன்றைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

கைபடாததா, பழுது பார்த்ததா, முழுக்க மாற்றியதா?

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பது ஈரமான திரவத்தை உள்ளே வைத்திருக்கும் பாகம். வெப்பத்திலும் காலத்திலும் அது உலர்கிறது. பவர் சப்ளையில் இருப்பது உலர்ந்தால் அடித்தொண்டை ரீங்காரம் வரும், சிக்னல் பாதையில் இருப்பது உலர்ந்தால் ஆழ்ந்த ஒலி மெலியும். ஆகவே ஐம்பது வயது ஆம்பில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ‘முழுக்க மாற்றியது’ என்ற சொல் ஆம்பின் மதிப்பைக் கூட்டவும் செய்கிறது.

நான் அந்தச் சொல்லை நம்பி ஒருமுறை ஏமாந்தேன். ‘முழுவதும் சர்வீஸ் செய்தது’ என்று விற்றவர் சொன்ன ஆம்ப் ஒன்று வீட்டுக்கு வந்ததும் இடப்பக்க ஸ்பீக்கரின் கூம்பு, ரிலே விழுந்த கணத்தில் லேசாக முன்னால் தள்ளி நின்றது. மூடியைத் திறந்தேன். வால்யூம் கட்டுப்பாட்டின் மேல் எண்ணெய்த் தெளிப்பு வழிந்து கீழே இருந்த பலகை வரை நனைத்திருந்தது. புதிய கெப்பாசிட்டர்கள் உண்மையிலேயே இருந்தன. அவற்றில் ஒன்று முனை மாறிப் பொருத்தப்பட்டு, தலை லேசாக உப்பியிருந்தது. பற்றவைத்த இடத்தில் செம்புத் தடம் பெயர்ந்து, ஒரு வெற்றுக் கம்பியால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் முனையில் அளந்தபோது 180 மில்லிவோல்ட் டிசி. ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது அது, இருபதுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஆம்பைக் கெடுத்தது அதன் வயதல்ல, அதைத் தொட்ட கை.

அதற்கு எளிய காரணம் உண்டு. ஒரு ரிசீவரில் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மட்டுமே எண்பது, நூறு இருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பற்றவைப்பு. பழைய பலகையின் செம்புத் தடம் அதிக வெப்பத்தில் எளிதாகப் பெயரும். சில பலகைகளில் நேர்முனை குறிக்கப்பட்டிருக்கும், வேறு சிலவற்றில் எதிர்முனை. நூறில் தொண்ணூற்றெட்டைச் சரியாகச் செய்தவர் ஒரு பழுதான ஆம்பையே திருப்பிக் கொடுக்கிறார். ஆகவே என் வரிசை இதுதான்: அளந்த எண்களைக் காட்டக்கூடியவர் பழுது பார்த்த ஆம்ப் முதலிடம், இரு சேனலிலும் பாடிக்கொண்டிருக்கும் கைபடாத ஆம்ப் இரண்டாம் இடம், யார் செய்தார் என்று தெரியாத ‘முழு மாற்று’ கடைசி இடம். முதலாவதைத் தேடும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, என்னென்ன மாற்றினீர்கள் என்பதல்ல. ஸ்பீக்கர் முனையில் கசியும் டிசியான டிசி ஆஃப்செட் எவ்வளவு, பயாஸ் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கு அந்த எண்கள் நாக்கு நுனியில் இருக்கும்.

கைபடாத ஆம்பை எடுத்து, காலப்போக்கில் சிறிது சிறிதாகச் சரிசெய்வதே பலருக்கு உகந்த வழி. பவர் சப்ளைப் பலகை, ரிலேப் பலகை, அவுட்புட் பலகை என்று ஒன்றை முடித்து, சோதித்து, ஒரு வாரம் பாட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டால், ஏதேனும் தவறினாலும் எங்கே தவறியது என்பது தெரியும். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட நீடித்து உழைக்கின்றன. அளந்து பார்க்காமல் அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை. பலகையில் பழுப்பேறிக் கெட்டியான பசை இருந்தால் அதைக் கட்டாயம் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனெனில் அந்தக் காலத்துப் பசைகளில் சில, ஆண்டுகள் ஆக ஆகப் பாகங்களின் கால்களை அரிக்கின்றன. பயாஸ் வைக்கும் சிறு திருகுக் கட்டுப்பாடும் கவனிக்க வேண்டியது: பல சுற்றுகளில் அதன் தொடுமுனை விட்டுப்போனால் மின்னோட்டம் உச்சத்துக்கு ஓடி அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது

ப்ளக்கைச் செருகும் முன் பின்புறத்தில் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தைப் படிக்க வேண்டும். ஜப்பானின் உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட்டுக்கு உரியவை, அமெரிக்க மாடல்கள் 120க்கு, மற்ற பல நாடுகளுக்குச் சென்றவை 220 அல்லது 240க்கு. சில ஏற்றுமதி மாடல்களில் மின்னழுத்தத் தேர்வுத் திருகு இருக்கும். இருந்தால் அதை உள்ளூர் மின்சாரத்துக்குச் சமமான அல்லது சற்று உயர்ந்த எண்ணில் வைக்க வேண்டும். ‘இருபது வோல்ட்தானே’ என்று 100 வோல்ட் ஆம்பை 120இல் செருகினால், உள்ளே 55 வோல்ட்டாக இருக்க வேண்டிய இடம் 66 ஆகும். அங்கே நிற்பது 63 வோல்ட் கெப்பாசிட்டராக இருந்தால் அது எல்லை தாண்டிய நிலையில்தான் வாழும். நூறு வோல்ட் மாடலை விரும்பி எடுப்பவர், அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் ஆம்போடு நிரந்தரமாக இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு எடுக்க வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு நேராகப் பொருந்தும் மாடல் சற்றுத் தாமதமாகக் கிடைத்தாலும் அதற்குக் காத்திருப்பது மேல்.

நெடுநாள் உறங்கிய ஆம்பை எழுப்ப இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. வேரியாக் என்ற, குமிழைத் திருப்பி மாற்றக்கூடிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவது ஒன்று. குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஏற்றுவது மற்றொன்று. வேரியாக் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, பழுது இருந்தால் மின்னோட்டத்தைத் தானாகத் தடுக்காது. மீட்டரில் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பல்பு தானே காவலாளியாகவும் இருக்கிறது. நான் பல்பு கட்சி.

ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டரையும் ப்ளக் சாக்கெட்டையும் பொருத்தி, ஃபேஸ் கம்பி பல்பின் வழியாகச் சாக்கெட்டுக்குப் போகும்படி இணைத்தால் கருவி தயார். சிறிய ஆம்புக்கு 60 வாட், பெரியதற்கு 100 வாட். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய குண்டு பல்பே வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டால், கெப்பாசிட்டர்கள் நிரம்பும் கணத்தில் பல்பு பளிச்சென எரிந்து, இரண்டு மூன்று நொடிக்குள் இழை மட்டும் லேசாகச் சிவந்த நிலைக்கு அடங்கும். அடங்கினால் நல்ல செய்தி. பளிச்சென்றே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஃபியூஸையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலி கொடுக்காமல் அந்தச் செய்தி கிடைத்துவிட்டது. வால்வு ஆம்பில் ஹீட்டர்களே தொடர்ந்து இழுத்துக்கொண்டிருப்பதால் பல்பு முழுதாக அடங்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஸ்பீக்கரைக் கழற்றுவதற்குப் பதில் 8 ஓம் பவர் ரெசிஸ்டரைச் சுமையாக வைக்கலாம்.

பல்பைத் தாண்டிய ஆம்பை நேராக மின்சாரத்தில் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி மில்லிவோல்ட் அளந்து, அரை மணி சூடான பிறகு இன்னொரு முறை அளந்து, இரண்டும் ஐம்பதுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். முதல் நாள் விலை குறைந்த ஸ்பீக்கர் ஒன்றை இணைப்பது புத்திசாலித்தனம். கம்பியின் நுனியை முறுக்கிச் செருக வேண்டும். தலைமுடி போன்ற ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் மேலே சொன்ன ஷார்ட் அதுதான்.

இணைப்பும் நாள்தோறும் ஓட்டுவதும்

‘ஏ’, ‘பி’ என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்கு இடம் இருந்தால் இரண்டையும் இணைக்கத் தோன்றும். பெரும்பாலான ஆம்புகளில் அவை இணையாகச் சேர்வதால் 8 ஓம் ஜோடி இரண்டு சேர்ந்து 4 ஓம் ஆகும். 4 ஓம் ஜோடி இரண்டு சேர்ந்தால் 2 ஓம் ஆகி ஆம்பை வாட்டும். ஒரு நல்ல ஜோடியோடு நிறுத்திக்கொள்வதே என் பழக்கம்.

சிடி பிளேயரும் இக்கால டிஜிட்டல் கருவிகளும் உச்சத்தில் 2 வோல்ட் கொடுக்கின்றன. 70களின் ஆக்ஸ் உள்ளீட்டுக்கோ 150 மில்லிவோல்ட்டே போதும். விளைவாக வால்யூம் குமிழை எட்டு மணி நிலையிலிருந்து ஒன்பதுக்கு நகர்த்துவதற்குள் அறை அதிரும், அந்தச் சிறு இடைவெளியில் இரு சேனல்களின் சமநிலையும் பிசகும். கருவியின் பக்கத்திலேயே ஒலியைக் குறைப்பது, ஆர்சிஏ கம்பியில் செருகும் சிறு தணிப்பான் வைப்பது என்ற இரண்டில் தணிப்பான்தான் சிறந்தது. ஒருமுறை செருகிவிட்டால் மறந்துவிடலாம், குமிழும் பாதி தூரம் வரை பயனுக்கு வரும்.

நண்பர் ஒருவர் தம் ஆம்ப் செத்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். விளக்கு எரிகிறது, ரிலே ஒலிக்கிறது, ஃபியூஸ் நலம், சத்தம் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். ‘டேப் மானிட்டர்’ பொத்தான் உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று கேட்டேன். அமுங்கியிருந்தது. இல்லாத கேசட் டெக்கிலிருந்து பாட்டு வரும் என்று ஆம்ப் காத்திருந்தது. பின்புறத்தில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ ஆகிய துளைகளை இணைக்கும் யு வடிவ உலோகப் பின்கள் தொலைந்துபோன ஆம்பும் இப்படித்தான் மௌனமாக இருக்கும். பழுது பார்க்கக் கொண்டுபோகும் முன் இவ்விரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஒரு சேனல் மட்டும் மெல்ல வந்து, வால்யூமைக் கூட்டியதும் படீரென்று திரும்பினால், ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதை உப்புத்தாளால் தேய்ப்பதும் உண்டு, புதிய ரிலே போடுவதும் உண்டு. தேய்த்தால் மேல்பூச்சு போய்ச் சில மாதங்களில் திரும்பக் கறுக்கும் என்பதால் புதியதே நல்லது.

குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால், தொடுமுனைத் தெளிப்பானை ஆம்பை அணைத்த நிலையில் கட்டுப்பாட்டின் துளைக்குள் மிகச் சிறிதளவு செலுத்தி, முழுத் தூரமும் முப்பது நாற்பது முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். ஆம்பின் மேல் டர்ன்டேபிளை வைக்க வேண்டாம். வெப்பம் போக வழியில்லாமல் போவதோடு, டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் கார்ட்ரிஜில் ஏறும். மேலே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். அணைக்கும்போது வால்யூமைக் குறைத்துவிட்டு ஆம்பை முதலில் அணைத்து, பாட்டுக் கருவியைப் பிறகு அணைத்தால் ஸ்பீக்கரில் ‘தட்’ என்ற அதிர்வு வராது.

கடைசியில் வருவது ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான ஒரு தேர்வு, முகப்பு விளக்கு. ஃபியூஸ் வடிவில் இருக்கும் அசல் 8 வோல்ட் பல்புகள் சூடாகி, பின்னால் ஒளியைப் பரப்பும் காகிதத்தை ஆண்டுகள் போக்கில் பழுப்பாக்குகின்றன. அதே வடிவ எல்இடிகள் குளிர்ச்சியானவை, ஆனால் வெள்ளை எல்இடி போட்டால் முகப்பின் நீலமும் பச்சையும் கடை விளம்பரப் பலகையைப் போல வெளிறித் தெரியும். சிலவற்றில் ஏசி மின்சாரத்தால் கண்ணுக்கு உறுத்தும் மினுக்கலும் இருக்கும். நான் என் ரிசீவரில் அசல் வகைப் பல்புகளையே போட்டேன். அவை போனால் மாற்ற அரை மணி ஆகும், மூடியைத் திறக்கும் அந்த நேரத்தில் உள்ளே தூசி தட்டி ஆஃப்செட்டையும் ஒருமுறை அளந்துவிடுகிறேன்.